தாடையைத் தின்ற தீக்குச்சி

தீக்குச்சியை உரசும் ஒவ்வொரு முறையும் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு கொடிய நஞ்சு பிறக்கிறது. பிறந்த கணத்திலேயே எரிந்தும் போகிறது. பெட்டியின் பழுப்புநிற உரசுபட்டையில் சிவப்புப் பாஸ்பரஸும் கண்ணாடித் தூளும் இருக்கின்றன. குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் இருக்கின்றன. உரசும் சூட்டில் சிவப்புப் பாஸ்பரஸின் துளியினும் துளி, வெள்ளைப் பாஸ்பரஸாக மாறிக் காற்றுப் பட்டதும் பற்றிக்கொள்கிறது. அந்தப் பொறியில் குளோரேட் ஆக்சிஜனைக் கக்க, கந்தகம் எரிய, மெழுகில் ஊறிய மரக்குச்சி தீயை வாங்கிக்கொள்கிறது. இவ்வளவும் ஒரு நொடிக்குள்.

இன்று கண்ணுக்கே தெரியாத அளவில் வந்துபோகும் அந்த வெள்ளைப் பாஸ்பரஸ், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் குச்சியின் தலையிலேயே இருந்தது. தீக்குச்சி செய்த பெண்களின் தாடை எலும்பை அது தின்றது. அதைத் தொழிலிலிருந்து விரட்ட அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. தொழிற்சாலைப் பாதுகாப்பு, தொழிலாளர் நலம், சுற்றுச்சூழல் என்று மூன்று பலகைகளின் கீழ் இன்று ‘இடர் மேலாண்மை’ பாடமாக நடத்தப்படுகிறது. அந்தப் பாடத்தில் உள்ள முக்கியமான எல்லாமே இந்தத் தீக்குச்சியின் வரலாற்றில் நடந்து முடிந்திருக்கின்றன.

பாஸ்பரஸைக் கண்டுபிடித்தவர் ஹாம்பர்க் நகரத்து ரசவாதி ஹென்னிங் பிராண்ட். 1669-இல் சிறுநீரைக் காய்ச்சிக் காய்ச்சித் தங்கம் தேடியவருக்கு, இருட்டில் ஒளிரும் மெழுகு போன்ற பொருள்தான் கிடைத்தது. வெள்ளைப் பாஸ்பரஸின் மூலக்கூறில் நான்கு அணுக்கள் ஒரு நான்முகக் கூடாக நெருக்கிப் பிணைந்திருக்கின்றன. இயல்புக்கு மீறி வளைக்கப்பட்ட அந்தப் பிணைப்புகள் அறுபடக் காத்துக்கொண்டே இருக்கும். ஆகவேதான் முப்பது டிகிரியைச் சற்றுத் தாண்டினாலே அது தானாகத் தீப்பிடிக்கும். தண்ணீருக்குள் போட்டுத்தான் வைக்க வேண்டும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் திறந்து வைத்தால் அவ்வளவுதான்.

இங்கிலாந்தின் ஸ்டாக்டன் ஊரில் மருந்துக்கடை வைத்திருந்த ஜான் வாக்கர், 1827-இல் உரசித் தீமூட்டும் குச்சியை முதன்முதலாக விற்றார். அதில் பாஸ்பரஸ் கிடையாது. சரியாகப் பற்றவும் பற்றாது. சில ஆண்டுகளில் பிரான்ஸில் சார்ல் சோரியா வெள்ளைப் பாஸ்பரஸைச் சேர்த்துப் பார்த்தார். சுவரில் உரசினாலும் செருப்பில் உரசினாலும் குச்சி பற்றியது. விலையும் மலிவு. உலகம் முழுவதும் அடுப்பும் விளக்கும் அந்தக் குச்சிக்குப் பழகிவிட்டன.

1845-இல் வியன்னா மருத்துவர் லோரின்சர் ஒரு புதுநோயைப் பற்றி எழுதினார். தீக்குச்சி ஆலையில் வேலை செய்தவர்களுக்கு முதலில் பல்வலி வருகிறது. பல்லைப் பிடுங்கினால் குழி ஆறுவதில்லை. ஈறு வீங்கிச் சீழ் வைக்கிறது. பிறகு தாடை எலும்பே செத்து, துண்டு துண்டாக வெளியே வரத் தொடங்குகிறது. நாற்றம் தாங்காமல் குடும்பத்தாரே பக்கத்தில் இருக்கத் தயங்கினார்கள். தாடையை அறுத்து எடுத்தால் உயிர் பிழைக்கலாம். பிழைத்தவர் அதன்பின் ஆயுளுக்கும் கஞ்சிதான் குடிக்க முடியும். இதில் கவனிக்க வேண்டியது, ஆலைக்குள் நுழைந்த அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது. பல ஆண்டுகள் புகையைச் சுவாசித்த பிறகுதான் நோய் தலைகாட்டியது. கை நசுங்கினால் மேற்பார்வையாளர் ஓடி வருவார், இரத்தம் தெரியும், கணக்கில் ஏறும். மெல்லக் கொல்லும் தூசியும் புகையும் அப்படிக் கணக்கில் ஏறுவதில்லை. விபத்தைத் தடுக்கும் திட்டங்கள் பல ஆலைகளில் இருக்கின்றன. நோயைத் தடுக்கும் திட்டங்கள் இன்றுவரை இரண்டாம் இடத்தில்தான் இருக்கின்றன. நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாக மாறாத குறை இது.

மறந்தே போயிருந்த இந்த நோய் 2003-இல் வேறு வேடத்தில் திரும்பி வந்தது. எலும்புத் தேய்மானத்துக்கும் எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்கும் தரப்படும் பிஸ்பாஸ்பனேட் மருந்துகளை உட்கொண்ட சிலருக்குப் பல் பிடுங்கிய இடம் ஆறாமல் தாடை எலும்பு செத்துப்போவதை அமெரிக்க அறுவை மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ் கவனித்து எழுதினார். பழைய தீக்குச்சித் தொழிலாளிகளின் தாடையை அப்படியே படம் பிடித்தது போல இருந்தது அது. பாஸ்பரஸ் புகையும் உடலுக்குள் இதே வகைச் சேர்மமாக மாறியிருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பல் மருத்துவரிடம் போகும்போது இந்த மருந்து சாப்பிடுவதை முதலிலேயே சொல்லிவிடச் சொல்வது இதனால்தான்.

தீக்குச்சியின் நஞ்சுக்கான மாற்று லோரின்சர் எழுதிய காலத்திலேயே கையில் இருந்தது என்பதுதான் இந்தக் கதையில் நெஞ்சைச் சுடுவது. அதே வியன்னாவில் அதே 1840-களில் அன்டன் ஷ்ரோட்டர் என்ற வேதியியலாளர், காற்றுப் புகாமல் வெள்ளைப் பாஸ்பரஸைச் சூடாக்கினால் அது சிவப்பாக மாறிவிடுவதைக் காட்டினார். நெருக்கிப் பிணைந்த கூடுகள் உடைந்து நீண்ட சங்கிலிகளாகக் கோத்துக்கொள்கின்றன. அணு அதேதான். ஆனால் இருநூறு டிகிரியைத் தாண்டினால்தான் பற்றும், புகைவதில்லை, தாடையைத் தொடுவதில்லை. சுவீடனில் குஸ்தாவ் எரிக் பாஷ், பாஸ்பரஸைக் குச்சியிலிருந்து எடுத்துப் பெட்டியில் பூசினால் என்ன என்று யோசித்து 1844-இல் காப்புரிமை பெற்றார். யோன்ஷோப்பிங் ஊரின் லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் சிவப்புப் பாஸ்பரஸையும் பாஷின் யோசனையையும் சேர்த்து 1855-இல் ‘பாதுகாப்புத் தீக்குச்சி’யைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள்.

சிவப்புப் பாஸ்பரஸும் பொட்டாசியம் குளோரேட்டும் காய்ந்த நிலையில் ஒன்றாகக் கலந்தால், லேசாக இடித்தாலே வெடிக்கும். பொம்மைத் துப்பாக்கிக் கேப்பில் இருப்பது இந்தக் கலவைதான். ஒன்றைக் குச்சியிலும் மற்றதைப் பெட்டியிலும் வைத்து, நாம் விரும்பும் கணத்தில் மட்டும் அவை சந்திக்கும்படி செய்தார்கள். ஆபத்தான இரண்டைப் பிரித்து வைக்கும் கலையில் இதைவிட அழகான பொருள் மனிதர் கையில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஆலைகள் மாறவில்லை. சிவப்புப் பாஸ்பரஸ் விலை கூடுதல். பெட்டி இல்லாமல் பாதுகாப்புக் குச்சி பற்றாது. வாங்குவோருக்கோ எங்கும் உரசும் வசதி பழகிவிட்டது. அடுத்த ஐம்பது ஆண்டுகள் வெள்ளைப் பாஸ்பரஸை வைத்துக்கொண்டே தொழிலாளியைக் காப்பாற்ற என்னென்னவோ செய்து பார்த்தார்கள். காற்றோட்டத்துக்கு விசிறி போட்டார்கள். கை கழுவச் சொன்னார்கள். சில ஆலைகளில் டர்பன்டைன் எண்ணெயைச் சிறு தகர டப்பாவில் ஊற்றிக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள், அதன் ஆவி பாஸ்பரஸை முறிக்கும் என்ற நம்பிக்கையில். பல் சொத்தை உள்ளவர்களை வேலைக்கு எடுக்காதீர்கள் என்றார்கள். பல்வலி என்று சொன்னால் பல்லைப் பிடுங்கு, இல்லாவிட்டால் வேலையை விடு என்றார்கள். வலியை வெளியே சொல்லாமல் இருப்பதே பிழைக்கும் வழி என்று தொழிலாளர்கள் கற்றுக்கொண்டார்கள்.

இன்றைய பாதுகாப்புத் துறையினர் ‘கட்டுப்பாட்டுப் படிநிலை’ என்று ஒன்றைச் சொல்வார்கள். 2018-இல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 45001 தரநிலையும் அதைத்தான் கேட்கிறது. ஆபத்தை அடியோடு நீக்க முடியுமா என்று முதலில் பார். முடியாவிட்டால் ஆபத்துக் குறைந்த பொருளை மாற்றாகப் போடு. அதுவும் முடியாதபோது மனிதனுக்கும் ஆபத்துக்கும் இடையே சுவர், விசிறி, இயந்திரம், இடைவெளி என்று ஒன்றை எழுப்பு. அதற்கும் கீழேதான் விதிகளும் பயிற்சியும் எச்சரிக்கைப் பலகையும் வரும். கடைசிப் படியில் கையுறையும் முகக்கவசமும். மேற்படிகள் ஆள் மறந்தாலும் களைத்தாலும் வேலை செய்யும். கீழ்ப்படிகள் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு ஆளும் தவறாமல் நடந்துகொண்டால் மட்டுமே வேலை செய்யும். டர்பன்டைன் டப்பா கடைசிப் படி. லுண்ட்ஸ்ட்ரோம் பெட்டி இரண்டாம் படி. ஐரோப்பாவின் பெரும்பகுதி அரை நூற்றாண்டு கீழ்ப்படிகளிலேயே நின்றுகொண்டிருந்தது.

1888 ஜூனில் லண்டனின் கிழக்குப் பகுதியில் இருந்த பிரையன்ட் அண்ட் மே தீக்குச்சி ஆலைப் பெண்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் அன்னி பெசன்ட். பின்னாளில் அடையாற்றில் வாழ்ந்து அங்கேயே மறைந்த, சென்னையின் பெசன்ட் நகருக்குப் பெயர் தந்த அதே அம்மையார். கால் அழுக்காக இருந்தால் அபராதம், பேசினால் அபராதம் என்று கூலியில் பிடித்ததை அவர் பட்டியலிட்டார். கட்டுரை பொய் என்று கையெழுத்துப் போடச் சொன்னது நிர்வாகம், பெண்கள் மறுத்தார்கள். ஜூலையில் சுமார் 1,400 பேர் வெளியேறினார்கள். சில வாரங்களில் நிர்வாகம் இறங்கிவந்தது. அபராதம் ஒழிந்தது. இன்னொன்றும் கிடைத்தது: சாப்பிடத் தனி அறை. அதுவரை அவர்கள் பாஸ்பரஸ் படிந்த மேசையில் ரொட்டியை வைத்தே சாப்பிட்டார்கள். ஆலைக்குள் எந்த வழியாக நஞ்சு உடம்புக்குள் போகிறது என்பதை நிர்வாகத்தைவிட அந்தப் பெண்கள் தெளிவாக அறிந்திருந்தார்கள். இடர் எங்கே இருக்கிறது என்று தேடும் கூட்டத்தில் முதல் நாற்காலி, அந்த வேலையைக் கையால் செய்கிறவருக்குத்தான் போட வேண்டும்.

சால்வேஷன் ஆர்மி என்ற கிறித்தவத் தொண்டு அமைப்பு 1891-இல் அதே பகுதியில் சிவப்புப் பாஸ்பரஸ் மட்டும் பயன்படுத்தும் ஆலையைத் திறந்தது. கூலியும் கூட்டிக் கொடுத்தது. குச்சி விலை அதிகமாக இருந்தது. சுமார் பத்தாண்டில் ஆலை மூடப்பட்டது. நல்லெண்ணம் சந்தையில் தோற்ற இடம் அது. மறுபுறம், 1898-இல் பிரையன்ட் அண்ட் மே நிறுவனம் பதினேழு பேருக்கு வந்த தாடை நோயை அரசுக்குத் தெரிவிக்காமல் மறைத்தது வெளிப்பட்டது. கிடைத்த தண்டனை 25 பவுண்டு சொச்சம் அபராதம். ஒரு மனிதத் தாடைக்கு ஒன்றரைப் பவுண்டு. மறைப்பதற்கான செலவு, மாற்றுவதற்கான செலவைவிட இவ்வளவு குறைவாக இருந்தால் எந்த நிறுவனம் மாறும்?

அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டவை சட்டங்கள். பின்லாந்து 1872-இலும் டென்மார்க் 1874-இலும் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடை செய்தன. 1898-இல் பிரான்ஸின் செவேனும் காஹெனும் பாஸ்பரஸ் செஸ்குவிசல்பைடு என்ற இன்னொரு மாற்றைக் கண்டார்கள். எங்கும் உரசலாம், தாடையையும் தின்னாது. வசதி என்ற சாக்கும் அதோடு போயிற்று. 1906-இல் பெர்ன் நகரில் கூடிய நாடுகள் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடை செய்ய உடன்பட்டன. தொழிலாளர் உடல்நலத்துக்காக நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட முதல் ஒப்பந்தங்களில் ஒன்று இது. அமெரிக்காவில் மாற்றின் காப்புரிமையை வைத்திருந்த டயமண்ட் நிறுவனம் 1911-இல் அதை எல்லோருக்கும் விட்டுக்கொடுத்தது. மறு ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் வெள்ளைப் பாஸ்பரஸ் குச்சி நூற்றுக்கு இரண்டு சென்ட் வரி என்றது. உள்நாட்டு உற்பத்திக்குத் தடை என்று அந்தச் சட்டத்தில் எழுதத் தேவைப்படவில்லை. அந்த வரியைக் கட்டி யாராலும் லாபம் பார்க்க முடியாது. தொழிலாளியின் தாடை அதுவரை இலவசமாகச் செலுத்திய விலையை, முதன்முறையாக முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் எழுதினார்கள்.

இந்தியாவில் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சிக்கான தடைச் சட்டம் 1913-இல் வந்தது. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தது 1922-இல். அடுத்த ஆண்டு சிவகாசியில் தொழில் தொடங்கியது. வானம் பார்த்த அந்தக் கரிசல் சீமையில் லட்சக்கணக்கான குடும்பங்கள் பின்னர் ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்று அழைக்கப்படும் ஆலைகளை நம்பியே வாழ்ந்தன. குழந்தைகளின் உழைப்பு உட்பட அந்தத் தொழிலுக்குக் கொடுத்த விலைகள் பல. ஆனால் தாடை அழுகும் நோய்க்கு மட்டும் அங்கே இடமில்லாமல் போயிற்று. பத்தாண்டு முன்பே நஞ்சு வாசலில் தடுக்கப்பட்டுவிட்டது. நோய்க்குக் காரணமான பொருளையே நீக்கினால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதுதான் சாட்சி. அங்கே வேலை செய்த யாரும் அந்த நோயின் பெயரைக்கூடத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

அதே ஊரின் இன்னொரு தொழிலான பட்டாசுக்கு இப்படி ஒரு சிவப்புப் பாஸ்பரஸ் கிடைக்கவில்லை. அங்கே வெடிப்பதுதான் சரக்கு. ஆபத்தை அடியோடு நீக்கினால் சரக்கே இல்லை. மேற்படிகளில் கிடைத்த வரை பற்றிக்கொள்ள வேண்டும். 1992-இல் மத்திய அரசு குளோரேட்டையும் கந்தகத்தையும் ஒரே வெடிமருந்தில் சேர்ப்பதைத் தடை செய்தது. உராய்வுக்கு எளிதில் வெடிக்கும் கூட்டணி அது. தீக்குச்சித் தலை போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. 2018-இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தது. பச்சை நிற ஒளி தரும் பேரியம், நீரில் கரையும் உப்பாக இருக்கும்போது நஞ்சு. கலவை அறையில் அதைக் கையாளும் தொழிலாளி, தீபாவளி இரவில் புகையை இழுக்கும் குழந்தை, சாம்பல் விழும் மண் ஆகிய மூன்றும் ஒரே மாற்றத்தால் பயன்பெறும். முகக்கவசம் ஒரு மூக்கைத்தான் காக்கும். பாதுகாப்பு, நலம், சுற்றுச்சூழல் என்று மூன்று அலுவலர்களையும் மூன்று கோப்புகளையும் வைத்துக்கொண்டு தனித்தனியாக யோசிக்கும் நிறுவனங்கள் இதைத் தவறவிடுகின்றன.

மிச்ச இடரைச் சுவரும் இடைவெளியும் தாங்க வேண்டும். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது, அறைகளுக்கு இடையே இடைவெளி வேண்டும், இரும்புக் கருவி கூடாது, தரையில் ரப்பர் விரிப்பு வேண்டும் என்று விதிகள் சொல்வதன் காரணத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இடர் என்பது இரண்டு கேள்விகளின் சேர்க்கை: நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு சேதம்? ரப்பர் விரிப்பு பொறி பறக்கும் வாய்ப்பைக் குறைக்கிறது. நான்கு பேர் என்ற விதியால் பொறி ஒன்றுகூடக் குறையாது. பொறி பறந்துவிட்ட பிறகு எத்தனை வீடுகளில் சாவு விழும் என்பதைத்தான் அது தீர்மானிக்கிறது. உரிமம் பெற்றவர் அறைகளை உள்குத்தகைக்கு விட்டு, குத்தகைக்காரர் போட்ட பணத்தை எடுக்க அறைக்குப் பத்துப் பேரை உட்கார வைத்து, இடம் போதாமல் மரத்தடியிலும் வெடிமருந்தைப் பரப்பும்போது, வாய்ப்பும் சேதமும் ஒன்றாக ஏறுகின்றன. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பத்தெட்டுப் பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். முதல் வெடிக்குப் பிறகு உதவவும் பார்க்கவும் ஓடிவந்த ஊர்மக்களும் அவர்களில் அடக்கம். வேலிக்கு வெளியே இருப்பவர்களையும் திட்டத்தில் சேர்க்காவிட்டால் நடப்பது அது.

மீந்துபோன வெடிமருந்தின் கதையைப் பாருங்கள். அலுமினியத் தூளின் ஒவ்வொரு துகளையும் மெல்லிய ஆக்சைடு தோல் மூடியிருக்கிறது. அதுதான் அதன் காவல். நைட்ரேட் கலந்த மருந்து இரவில் ஈரம் வாங்கினால் அந்தத் தோல் மெல்ல அரிக்கப்படும். அலுமினியம் நீரோடும் நைட்ரேட்டோடும் வினைபுரியும். அமோனியா வாடை வரும். குவியலின் நடுவில் சூடு சேரும். சூடு வினையை முடுக்கும், வினை இன்னும் சூட்டைத் தரும். காலையில் முதல் ஆள் வந்து அதைத் தொடும்போது அது பாதி வழி வந்திருக்கும். சிறிது போரிக் அமிலம் சேர்த்தால் இந்த வினை அடங்கும் என்பது வேதியியலில் பழைய செய்தி. அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் கலந்து மீந்ததை அன்றே அழித்துவிடுவது அதைவிடப் பழைய விதி. ஆனால் எண்ணிக்கைக்குக் கூலி என்றிருக்கும் இடத்தில், தீபாவளிக்கு முந்தைய மாதங்களில், மீந்த மருந்தை யார் அழிப்பார்கள்? அதற்கான கூலியை யார் கொடுப்பார்கள்?

மறுநாள் செய்தித்தாளில் ‘உராய்வு காரணமாக வெடிவிபத்து, போர்மேன் கைது’ என்று வரும். உராய்வு இல்லாத வேலை அந்த அறையில் எது? ஒவ்வொரு விபத்துக்கும் கைது செய்ய ஓர் ஆளைக் கண்டுபிடிப்பதோடு விசாரணை முடிந்தால், அடுத்த விபத்துக்கான காரணம் அதே இடத்தில் அப்படியே இருக்கும்.

பெரும்பாலான பெருவிபத்துகள் முன்பே சிறு அடையாளம் காட்டுகின்றன: வாடை அடித்த மருந்து, புகைந்து தானே அணைந்த குவியல், வழுக்கி விழாமல் தப்பிய வாளி. அவற்றைப் பார்த்தவர் தொழிலாளிதான். சொன்னால் வேலை போகும், அல்லது ஆபீஸுக்குப் பூட்டு விழும் என்றால் அவர் வாய் திறக்க மாட்டார். லண்டன் பெண்கள் பல்வலியை மறைத்தது போலவே மறைப்பார். ஆகவே விருதுநகர் மாவட்ட நிர்வாகத்துக்கும், வெடிபொருள் துறைக்கும், ஆலை உரிமையாளர்களின் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். நூலிழையில் தப்பிய சம்பவங்களைப் பெயர் சொல்லாமல், தண்டனைக்கு அஞ்சாமல், தொழிலாளர்கள் தமிழில் பதிவு செய்ய ஓர் ஏற்பாட்டைச் செய்யுங்கள். அவற்றை மாதந்தோறும் எல்லா ஆபீஸ்களின் வாசலிலும் ஒட்டுங்கள். ஒவ்வொரு விபத்து விசாரணையின் முழு அறிக்கையையும் பொதுமக்கள் படிக்கும்படி வெளியிடுங்கள். அடுத்த தீபாவளிக்கான வேலை சூடு பிடிப்பதற்குள் இதைத் தொடங்கிவிட முடியும்.